தட்டச்சுச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்து ஓராண்டாகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அடுத்த குரூப் 4 தேர்வுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கலாம் என்ற கணக்கில் அவர் வீட்டிலிருந்தே படித்து வருகிறார். இந்த நேரத்தில் சென்னையில் இருக்கும் தாய்மாமன், "குமாஸ்தா வேலைக்கா பிள்ளையைப் பட்டதாரி ஆக்கினீர்கள்? ஐ.ஏ.எஸ். பயிற்சியில் சேருங்கள்" என்று பிடிவாதமாக நிற்கிறாராம். பயிற்சிக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து முதல் ஆண்டுக்கே மூன்று லட்சம் ஆகும், மனைவியின் நகையை அடகு வைத்து மீதியை வட்டிக்கு வாங்கலாமா என்று தந்தை கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், "டைப்பிங்கும் முடித்திருக்கிறாள், இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர், அதனால் ஒரு பயனும் இல்லை" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. படித்த பெண் வீட்டில் இருக்கிறாள் என்று ஊரும் உறவும் கேட்கும்போது பெற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனாலும் நகையை அடகு வைக்க வேண்டாம், வட்டிக்கு வாங்கவும் வேண்டாம் என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பயனில்லை என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தத் தட்டச்சுச் சான்றிதழ்தான் இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களில் அதிக மதிப்புள்ளது.

ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அதற்கான மனமும், சில ஆண்டுகள் வருமானமின்றித் தாக்குப்பிடிக்கும் குடும்ப வசதியும் உள்ளவர்கள் தாராளமாக எழுதட்டும். உங்கள் மைத்துனர் சொல்லாமல் விட்டதை மட்டும் நான் சொல்கிறேன். 2024ஆம் ஆண்டுக்கான முதல்நிலைத் தேர்வு அந்த ஆண்டு ஜூன் 16 அன்று நடந்தது. இறுதி முடிவு 2025 ஏப்ரல் 22 அன்றுதான் வந்தது. நாடு முழுவதிலும் அதில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1009 பேர். அதாவது, எல்லாம் நல்லபடியாக அமைந்து முதல் முயற்சியிலேயே ஒருவர் தேறினாலும், தயாரிப்புக் காலத்தையும் சேர்த்தால் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். பெரும்பாலோருக்கு முதல் முயற்சி கைகூடுவதில்லை என்பதால், நீங்கள் வாங்க நினைக்கும் மூன்று லட்சம் முதல் தவணையாகத்தான் இருக்கும். தறிக்கூலியை நம்பி இருக்கும் குடும்பம் அந்த வட்டியை எத்தனை ஆண்டுகள் சுமக்கும் என்பதைப் பயிற்சி மையமும் கணக்கிடப் போவதில்லை, உறவினரும் கணக்கிடப் போவதில்லை.

இன்னொன்று, எனக்கு இதைவிடவும் முக்கியமானது. உங்கள் கடிதத்தோடு மகளும் அரைப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறார். கூட்டத்தில் நின்று பேசுவதைவிட ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு வேலையைப் பிழையில்லாமல் முடிப்பதே தனக்குப் பிடிக்கும் என்றும், முதலில் ஒரு சம்பளம் வீட்டுக்கு வர வேண்டும் என்றும், சென்னைக்குப் போக விருப்பமில்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பெண் இவ்வளவு தெளிவாகத் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அதை மீறி முடிவெடுக்கும் உரிமை மாமனுக்கு இல்லை. மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் இல்லை. குடிமைப் பணித் தேர்வைப் பொதுப்பிரிவினர் 32 வயது வரையிலும், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 35 வயது வரையிலும் எழுதலாம். அரசுப் பணியில் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் நின்றுகொண்டு, பின்னாளில் அவருக்கே ஆசை வந்தால் அப்போது எழுதட்டும்.

வங்கி, ரயில்வே, ஆசிரியர் பணி ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, யாரும் சொல்லாத தட்டச்சுக்கே வருகிறேன்.

குரூப் 4 என்றதும் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் ஆகிய இரண்டு பதவிகளே பலரின் நினைவுக்கு வருகின்றன. அதே தேர்வில்தான் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்களும் நிரப்பப்படுகின்றன. எல்லோரும் எழுதுவது ஒரே வினாத்தாள் என்றாலும், தட்டச்சர் பதவிக்குத் தொழில்நுட்பத் தகுதி உள்ளவர்கள் மட்டுமே போட்டியிட முடியும். பத்தாம் வகுப்புத் தகுதியோடு மட்டும் எழுதும் பெருங்கூட்டம் அங்கே நுழைய வழியில்லை. அதனால் தட்டச்சருக்கான கட்-ஆஃப் வழக்கமாக இளநிலை உதவியாளருக்கானதைவிடக் குறைவாகவே நிற்கிறது. ஊதியத்திலும் குறைவில்லை: இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் ஒரே ஊதிய நிலைதான், 19,500 முதல் 71,900 வரை. துறைத் தேர்வுகளில் தேறினால் உதவியாளர் பதவிக்கு உயரும் வழி இருவருக்கும் உண்டு.

இந்தத் தகுதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை (நீங்கள் சொல்லும் ஹையர்) தேறியவர்களுக்கே முன்னுரிமை. ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் (லோயர்) தேறியவர்கள் அதற்கு அடுத்துத்தான் வருகிறார்கள். உங்கள் மகள் இப்போது இந்த இரண்டாம் வரிசையில் நிற்கிறார். விண்ணப்பிக்கத் தடையில்லை, ஆனால் முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் போக மீதமிருந்தால்தான் இடம். தமிழ் முதுநிலை என்ற ஒரேயொரு தேர்வு அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய்விடும்.

அந்தத் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரு முறை, வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துகிறது. ஆங்கில முதுநிலையில் நிமிடத்துக்கு 45 சொல் வேகத்தில் தேறியவருக்கு விரல்கள் ஏற்கெனவே பழகியிருக்கும். தமிழில் இளநிலையும் தேறியிருப்பதால் எழுத்துகளின் இடமும் தெரியும். பாக்கி இருப்பது வேகம்தான். தட்டச்சுப் பொறியில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று விசைகளைத் தொட வேண்டும். நாம் எழுத்துக்கூட்டும் வரிசையும் விரல் போகும் வரிசையும் வேறு வேறாக இருப்பதால்தான் தமிழில் பலர் திணறுகிறார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஊரில் உள்ள தட்டச்சுப் பயிலகத்தில் உட்கார்ந்தால் இந்தத் திணறல் போய்விடும். வேகத்தாளில் மட்டும் கவனம் வைத்துவிட்டு, கடிதமும் பட்டியலும் அடிக்கும் இரண்டாம் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பவர்கள் அதில்தான் தவறுகிறார்கள். பட்டியலுக்குக் கட்டம் பிரிப்பதை முதல் வாரத்திலிருந்தே பழகச் சொல்லுங்கள். பயிலகக் கட்டணம் சென்னை விடுதியின் ஒரு மாத வாடகைக்குக்கூட வராது.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தட்டச்சுத் தகுதி, குரூப் 4 அறிவிக்கை வெளியாகும் நாளில் கையில் இருந்தாக வேண்டும். தேர்வு எழுதிவிட்டேன், முடிவு வரவில்லை என்பது செல்லாது. 2025இல் அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வந்து, தேர்வு ஜூலை 12 அன்றே நடந்துவிட்டது. 2024இல் ஜனவரி 30 அன்று அறிவிக்கை, ஜூன் 9 அன்று தேர்வு. ஆகவே அறிவிக்கையைப் பார்த்துவிட்டுத் தகுதி தேட இறங்கினால் காலம் கடந்துவிடும். தேர்வாணையத்தின் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து, அறிவிக்கை மாதத்துக்கு முந்தைய தட்டச்சுத் தேர்வுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். முடிவு முந்திக்கொண்டால் நல்லது. முந்தாவிட்டாலும் கையில் இருக்கும் தகுதியோடு இம்முறை எழுதலாம், புதிய சான்றிதழ் அடுத்த முறைக்கு நிற்கும். தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் கணினி அலுவலகத் தன்னியக்கச் (ஆபிஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழ் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். பணியில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் அதைப் பெற்றுக்கொள்ள விதி இடம் தருகிறது.

எழுத்துத் தேர்வைப் பொறுத்தவரை, மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். இதில் 100 வினாக்கள், அதாவது சரிபாதி, தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். 75 வினாக்கள் பொது அறிவு, 25 திறனறிவு. விகிதம், வட்டி, பரப்பளவு, வேலையும் நேரமும் போன்ற கணக்குகளும் தருக்க அறிவு வினாக்களும்தான் அந்த 25 என்பதால் கணிதப் பட்டதாரிக்கு 37.5 மதிப்பெண் ஏறத்தாழ உறுதி. இதற்கு அன்றாடம் அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். தனக்குப் பிடித்த கணக்கையே போட்டுக்கொண்டு பொழுதைக் கழிப்பது இத்தகைய மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். காலை நேரம் முழுவதும் தமிழுக்கே போகட்டும், அதுவும் தேர்வாணைய இணையதளத்தில் உள்ள நடப்புப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் பாடநூல்களை இரண்டு முறை முழுதாகப் படித்து முடிக்காமல் எந்த வழிகாட்டி நூலையும் வாங்க வேண்டாம். கடைசி ஆறு வாரங்களில் வாரம் ஒருமுறையாவது காலை 9.30க்கு உட்கார்ந்து 12.30க்கு எழுந்திருக்கும் முழு மாதிரித் தேர்வு எழுத வேண்டும். ஒரு வினாவுக்குக் கிடைப்பது 54 விநாடிதான், அதற்குள் விடைத்தாளில் உரிய வட்டத்தையும் கறுப்பாக்க வேண்டும் என்பது எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும்.

பயிற்சி வகுப்பு தேவை என்று மகள் சொன்னால், விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். அங்கே சேர்ந்து, கூடப் படிப்பவர்களின் வேகத்தைப் பார்த்துக்கொள்வதே பாதிப் பயிற்சி.

இம்முறை இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்போதும் சென்னைப் பயிற்சி வேண்டாம், சுருக்கெழுத்தில் சேர்த்துவிடுங்கள். அது ஆறு மாதத்தில் வருவதன்று, ஓராண்டேனும் பொறுமையாக உட்கார வேண்டும்; ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், முதுநிலைக்கு 120. பலர் பாதியில் விட்டுவிடுவதால்தான் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிக்குப் போட்டி இன்னும் மெலிந்திருக்கிறது. ஊதியமும் ஒருபடி மேலே, 20,600இல் தொடங்குகிறது. அதே 80 சொல் வேகம் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) 'டி' நிலைச் சுருக்கெழுத்தர் பணிக்கும் பொருந்தும். ஒரே கலை, இரண்டு அரசுகளின் வாசல். பிழையில்லாமல் ஒரு வேலையை முடிப்பதே பிடிக்கும் என்று எழுதிய பெண்ணுக்கு இது ஒத்துவரும் என்று நம்புகிறேன், ஆனால் ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு அவரே சரி என்று சொல்ல வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மகள் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்திருந்தால், தமிழ்வழி கற்றவர்களுக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கோரலாம். அதற்கான சான்றிதழைத் தேர்வாணையம் தந்துள்ள படிவத்திலேயே, படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் கையெழுத்தும் முத்திரையும் பெற்று வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளி வேறு, உயர்நிலைப்பள்ளி வேறு என்றால் இரண்டு இடத்திலும் அலைய வேண்டியிருக்கும், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே சில பள்ளிகளில் நாளாகும். அறிவிக்கை வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். இப்போது போனால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.