நிர்வாகச் செலவைக் காட்டியதும் நன்கொடை குறைந்தால்

மாணவர் கட்டணத்துக்கு நிதி திரட்டும் உங்கள் அறக்கட்டளையின் நன்கொடை வேண்டுகோளில் "18% நிர்வாகச் செலவு" என்று ஒரு வரி சேர்த்ததும் வரவு குறைந்ததா? அந்த வரியை நீக்க வேண்டாம். அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.

வரியைப் போட்டதும் வரவு குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மீதான சந்தேகம் அல்ல. 'நான் தரும் ஆயிரத்தில் 180 ரூபாய் ஆபீஸ் வாடகைக்கா?' என்ற உறுத்தல்தான். 2014இல் சயன்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் 40,000 பேருக்குக் கடிதம் போனது. நிர்வாகச் செலவை வேறொரு கொடையாளர் ஏற்றுக்கொண்டார் என்று படித்தவர்களே அதிகம் கொடுத்தார்கள். 'நீங்கள் தருவதற்கு இணையாக இன்னொருவர் தருவார்' என்ற வழக்கமான தூண்டில்கூட அந்த அளவுக்கு எடுபடவில்லை.

அடுத்த வேண்டுகோளில் பாதிப் பேருக்குப் பழைய வாசகம், மீதிப் பேருக்கு "வாடகையும் சம்பளமும் அறங்காவலர்கள் பொறுப்பு, உங்கள் பணம் முழுவதும் மாணவர் கட்டணத்துக்கு" என்று அனுப்பிப் பாருங்கள். பெயர்களைக் குலுக்கிப் பிரியுங்கள். வழக்கமாகக் கொடுப்பவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாது.

அப்புறம், யாராவது நிஜமாகவே ஏற்றிருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். ஆபீஸ் சம்பளத்தைக் கணக்கில் 'கல்விப் பணி' என்ற தலைப்பில் தள்ளி 18%ஐ 8% ஆக்கினால் ஆடிட்டரிடமே மாட்டுவீர்கள்.