கீசர் வால்வில் தண்ணீர் சொட்டினால் அடைத்துவிடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில், மூன்று மாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கிறோம். எங்கள் 15 லிட்டர் கீசரின் அடியிலுள்ள வால்விலிருந்து சில வாரங்களாகத் தண்ணீர் சொட்டுகிறது. மொட்டைமாடித் தொட்டியின் அழுத்தம் அதிகம் என்றும், வால்வின் வாயை அடைத்துவிட்டால் போதும் என்றும் பிளம்பர் கூறுகிறார். அடைக்கலாமா?

பதில்: எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அழுத்தத்தைப் பற்றி அவர் கூறுவதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

குளிர்ந்த நீர் நுழையும் குழாயில் பொருத்தப்படும் அந்த சேஃப்டி வால்வுக்கு இரண்டு வேலைகள் உண்டு. உள்ளே வந்த நீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பது ஒன்று. கீசர் தொட்டியின் உள்ளழுத்தம் எல்லை மீறும்போது சிறிது நீரை வெளியேற்றுவது மற்றொன்று. நீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது ஏறக்குறைய 1.7 சதவீதம் விரிவடைகிறது. அதாவது 15 லிட்டருக்குக் கால் லிட்டர். குழாய்கள் எல்லாம் மூடியிருந்து, வந்த வழியும் அடைபட்டிருக்கும்போது, அந்தக் கால் லிட்டர் வெளியேற வால்வின் வாயைத் தவிர வேறு இடமில்லை. ஆகவே, கீசர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுதே அல்ல.

அழுத்தக் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கும் உங்கள் குளியலறைக்கும் இடையே ஆறேழு மீட்டர் இருக்கலாம். அப்படியானால் வால்வுக்கு வரும் அழுத்தம் 1 பாரைக்கூடத் தொடாது. வீட்டுக் கீசர்களின் வால்வுகள் பெரும்பாலும் 8 பாரில்தான் திறக்கும். அதன் உடலிலேயே 8 பார் அல்லது அதற்குச் சமமான 0.8 MPa (மெகாபாஸ்கல்) என்று பொறித்திருப்பார்கள். மேல்மாடிக்காரர்கள் சிலர் வைத்துக்கொள்ளும் சிறிய பிரஷர் பம்பைச் சேர்த்தாலும் அந்த எல்லை வெகுதூரம்.

எனவே எவ்வளவு சொட்டுகிறது என்பதைவிட எப்போது சொட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். இரவில் கீசரை அணைத்துவிட்டு, மறுநாள் காலை யாரும் சுடுநீர் திறப்பதற்கு முன் வால்வின் வாயைத் துணியால் துடைத்து, கீழே ஒரு குவளையை வைத்து அரை மணி நேரம் பாருங்கள். நீர் ஆறிய நிலையிலும் சொட்டினால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். வட சென்னையில் இதற்கு முதற்காரணம் தண்ணீர்தான். கடலோரப் பகுதிகளின் உப்புப் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து மேலே ஏறும்போது உப்புப் படிவும் வண்டலும் கூடவே வருகின்றன. பழைய இரும்புக் குழாயாக இருந்தால் துருச் செதிலும் சேரும். வாஷருக்கு அடியில் கடுகளவு துகள் சிக்கினால் போதும், சொட்டு நிற்காது.

சரிசெய்யும் முறை எளிது. கீசரின் மெயின் சுவிட்சை அணைத்து, நீர் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கீழே வாளியை வைத்து, வால்வின் சிறிய நெம்பை சில வினாடிகள் தூக்கி விடுங்கள். வேகமாகப் பாயும் நீர் துகளை அடித்துச் செல்லும். மூன்று நான்கு முறை செய்தும் சொட்டு நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றிவிடுவதே மேல். பல ஆண்டுகள் தொடாத நெம்பைத் தூக்கினால் அதன் பிறகே ஒழுகத் தொடங்குவதும் உண்டு. கடல் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்த வால்வுக்கு அது எப்படியும் வரவிருந்த முடிவுதான். மார்கழியில் மட்டும் கீசர் போடும் வீடுகளில் இது சகஜம்.

புதிய வால்வு பழையதன் அதே பார் அளவில் இருக்க வேண்டும். கீசருக்கு நீர் வரும் குழாயிலுள்ள ஆங்கிள் காக்கை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவித்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். தொட்டியிலுள்ள நீர் கொட்டும் என்பதால் வாளி அவசியம். வால்வின் மேலுள்ள அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்கட்டும். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே எந்தக் காக்கும் வரக் கூடாது. மாற்றி முடித்ததும் சுடுநீர்க் குழாயில் நீர் காற்றின்றிச் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். வெறும் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் ஹீட்டிங் காயில் எரிந்துபோகும்.

வாயை அடைப்பது ஏன் ஆபத்து என்றால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதாகும் நாளில் எஞ்சியிருக்கும் முக்கியக் காவல் இந்த வால்வுதான். மூடிய தொட்டியில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும்; தொட்டி விரிசல்விட்ட கணத்தில் அந்நீரில் ஒரு பகுதி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து நீராவியாகும். குளியலறைச் சுவரே தாங்காது. ஆகவே வால்விலிருந்து கொதிநீரோ ஆவியோ பீறிட்டால் அதைத் தொடாமல், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அங்கே மாற்ற வேண்டியது முதலில் தெர்மோஸ்டாட்.

தரை ஈரமாவதுதான் தொல்லை என்றால், வால்வின் வாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, வளைவின்றிக் கீழ்நோக்கி இறக்கி, தரைச் சல்லடை வரை கொண்டுபோங்கள். அதன் முனை திறந்தே இருக்க வேண்டும்.