இண்டி பாப் என்றால் என்ன? ஸ்வீடனின் ‘த ரேடியோ டிபார்ட்மெண்ட்’ இசைக்குழு ஏன் இவ்வளவு குறைவாக ஆல்பம் வெளியிட்டது?

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறிய நிறுவனம் வழியாகவோ சொந்தமாகவோ வெளிவரும் மெட்டு நிறைந்த பாட்டுதான் இண்டி பாப். இதைப் புரிந்துகொள்ள த ரேடியோ டிபார்ட்மெண்ட் நல்ல உதாரணம்.

1995-இல் லுண்ட் நகரில் பள்ளி நண்பர்கள் தொடங்கிய குழு இது. பெட்ரோல் பங்காக இருந்து ரேடியோ பழுதுபார்க்கும் கடையாக மாறிய ஓர் இடத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பெயர்க் கதையே ரொம்பப் பிடிக்கும். முதல் ஆல்பம் 2003-இல் வந்தது. 2006-இல் சோஃபியா கொப்போலாவின் ‘மரீ ஆன்டனெட்’ படத்தில் மூன்று பாடல்கள் இடம்பெற, வெளிநாட்டிலும் கவனம் கிடைத்தது.

ஆனால் ஆல்பங்கள் 2003, 2006, 2010, 2016 என்று இடைவெளி விட்டே வந்தன. வீட்டில் போடும் ஊறுகாய் மாதிரிதான். தொழிற்சாலைக்குத் தேதி உண்டு. வீட்டு ஜாடியை ஊறிய பிறகுதான் திறப்பார்கள். இவர்களும் தாங்களே பதிவு செய்து, மனம் நிறையும்வரை திருத்துகிறவர்கள். அந்த மங்கலான, இரைச்சல் கலந்த கிட்டார் ஒலியும் வசதிக் குறைவால் வந்ததில்லை, விரும்பித் தேர்ந்தது. 2010-க்குப் பிறகான தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பாடல் உரிமைக்காகத் தங்கள் நிறுவனத்தோடு வழக்காடித் தோற்றார்கள்.

சிறிய நிறுவனம் என்றால் உரிமை கலைஞரிடமே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.