ஜன்னல் கடைக்காரரின் பாதிக் கணக்கு

கே: மேற்குப் பார்த்த படுக்கையறை, 4க்கு 5 அடி ஜன்னல். டபுள் கிளாஸ் (நடுவே இடைவெளி விட்ட இரண்டு கண்ணாடி) போட்டால் சூடு பாதியாகும் என்று ஒரு கடைக்காரர் கணக்குப் போட்டே காட்டினார். இன்னொருவர் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது என்கிறார். யாரை நம்ப? (கொளத்தூர்)

ப: இருவரும் பொய் சொல்லவில்லை, முதலாமவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருடையது யு வேல்யூ கணக்கு. யு என்பது கண்ணாடி எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்ற அளவு; குறைந்தால் நல்லது. யு, பரப்பு, உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம், மூன்றையும் பெருக்குவது. ஒற்றைக் கண்ணாடிக்கு யு சுமார் 5.7, டபுளுக்கு 2.8. உங்கள் ஜன்னல் 1.86 சதுர மீட்டர். வெளியே 38 டிகிரி, ஏசி 25 என்றால் உள்ளே வரும் வெப்பம் 138 வாட்டிலிருந்து 68 ஆகும். பாதிதான். ஆனால் இது பனியில் ராத்திரி ஹீட்டர் போட்டுத் தூங்குகிற ஊருக்குப் போதும். உங்கள் ஜன்னலில் நாலு மணி வெயில் நேரே விழுகிறதே, அதை யார் கணக்கில் சேர்ப்பது? சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தால், சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விடும்: 890 வாட். நிறமில்லாத டபுள் கிளாஸும் எழுபது விடும்: 780. எல்லாம் கூட்டினால் 1,030 போய் 850 ஆகிறது, அவ்வளவே. ஒரு டன் ஏசி வெளியேற்றுவதே 3,500 வாட் வெப்பம்தான்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறியுங்கள். மூங்கில் தட்டி போதும். நான் நாலாயிரம் ரூபாய்க்குக் கனத்த திரை வாங்கி உள்ளே மாட்டினேன். அறை இருட்டானது, சாயங்காலம் துணியைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் தட்டு.

கே: பிரசுரத்தில் யு 0.5 என்று போட்டிருக்கிறது. அபாரம்தானே? (பெரம்பூர்)

ப: அமெரிக்க அளவு. நம் அளவுக்கு 5.678ஆல் பெருக்குங்கள், 2.8 வரும்; சாதாரண டபுள் கிளாஸ்தான்.

கே: வாசலில் வந்தவரிடம் சன் ஃபிலிம் ஒட்டினேன். எட்டு மாதத்தில் கொப்புளம். பில் இல்லை. (வியாசர்பாடி)

ப: பில் இல்லை, பிராண்ட் தெரியாது, ஆள் யாரென்றும் தெரியாது. என்னிடம் என்ன கேட்கிறீர்கள்?

கே: டபுள் என்று பில் போட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். கேட்டால் 'உங்களுக்கு என்னம்மா தெரியும்' என்கிறார்கள். (திருவொற்றியூர்)

ப: உங்களுக்குத் தெரியும்மா. ராத்திரி மெழுகுவத்தியைக் கண்ணாடி முன் சாய்வாகப் பிடியுங்கள். சுடர் தள்ளித் தள்ளி இரண்டு ஜோடியாகத் தெரிந்தால் டபுள்; ஒரே ஜோடி என்றால் ஏமாற்றுதான். போட்டோ எடுங்கள், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அந்தப் பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வெயிலில் அழிந்துபோகிற தாள் அது.