நீர்மூழ்கி மாடலுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஃபைபர் வேண்டும்?

கேள்வி: விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை மகளுடன் போய்ப் பார்த்து வந்தேன். அதையே 72-இல் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் ஓடி, முங்கி எழும்படி செய்ய இருவருக்கும் ஆசை. எங்கள் ஊரில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறைக்காரர், "4 மில்லிமீட்டர் கனத்தில் போட்டுத் தருகிறேன், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது" என்கிறார். கனம் கூடக்கூட விலையும் கூடுகிறது. முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 4 மில்லிமீட்டரும் வேண்டாம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அலையில் அடிபட்டு மணலில் இழுபடும் வள்ளத்துக்கு அவர் பேச்சு சரி. உங்கள் மாடலின் வேலை வேறு.

இப்படிப்பட்ட மாடல்களில் பெரும்பாலானவற்றின் வெளிக்கூட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். அதற்கென்றே அடியில் துளைகள் விடுவார்கள். மோட்டார், பேட்டரி, ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர், முங்கி எழத் தண்ணீரை நிரப்பி வெளியேற்றும் பேலஸ்ட் டேங்க் எல்லாம் உள்ளே தனியாக ஓர் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் குழாயில் இருக்கும். அதன் இரு முனைகளிலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்ட மூடி. தண்ணீர் புகவே கூடாத இடம் அந்தக் குழாய்தான். ஃபைபர் கூடு அதற்கு மேல் போர்த்திய தோல்.

கனத்தால் காசு மட்டும் போவதில்லை, கப்பலே கெடும். குர்சுராவின் நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். உங்கள் மாடல் சுமார் 127 செ.மீ. நீளமும் 10.5 செ.மீ. அகலமும் வரும். மிதக்கும்போது கோபுரத்தையும் சேர்த்து நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் பரப்பு 1,200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மி.மீ. கனத்தில் அங்குள்ள ஃபைபரின் கன அளவு 180 மில்லி. 4 மி.மீ. கனத்தில் 480 மில்லி. முங்கும்போது அந்த ஃபைபர் அத்தனையும் நீருக்குள் இறங்குகிறது. அதே அளவு தண்ணீரை டேங்க் உள்ளே இழுத்தால்தான் கப்பல் அமிழும், வெளியே தள்ளினால்தான் எழும். பத்து செ.மீ. அகலக் கூட்டுக்குள் அரை லிட்டர் டேங்கைத் திணித்தால் குழாய் நீளும், பம்பும் பேட்டரியும் பெருக்கும். செலவு அங்கேதான் எகிறும்.

ஆகவே மேல்பாதி ஒன்றரை மி.மீ., கீழ்ப்பாதி 2 மி.மீ., நீர்மட்டக் கோட்டில் இரண்டாகக் கழலும்படி வேண்டும் என்று கேளுங்கள். மிச்சமாகும் பணத்தை அந்தக் குழாய்க்கும் ஓ-ரிங்குக்கும் போடுங்கள்.

அச்சு விஷயத்தையும் பேசிவிடுங்கள். ஒரே ஒரு கூடு போடுவதானால், கூட்டை விட அச்சுக்குத்தான் ரெசினும் (இறுகும் பிசின்) மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) அதிகம் செலவாகும். அந்தச் செலவை உங்களிடம் வாங்கினால் அச்சும் உங்களுடையது. பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். கனம், துணி வகை, முடித்துத் தரும் தேதி மூன்றும் அதே தாளில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் போதும்.

பெயிண்ட் அடிக்காமல் வாங்குங்கள். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். முதல் முறை ஒரு கூடு வாங்கியபோது பிரைமர் அடித்து வழுவழுவென்று கொடுத்தார்கள். குளத்தில் இரண்டு முறை முக்கி எடுத்ததும் மூக்குப் பகுதியில் நாணயம் அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே காற்றுக் குமிழ். பெயிண்ட் இல்லாத கூட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ரெசின் ஊறாத இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள்: நன்றாக ஒட்டிய இடம் 'டிக்' என்று கணீரென்று கேட்கும், அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். பிறகு இரு பாதிகளையும் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். ஒரு மூலை தூக்கி ஆடினால், இறுகும் முன்பே அச்சிலிருந்து கழற்றியிருக்கிறார்கள். அது முறுக்கிக்கொண்ட கூடு, வாங்காதீர்கள்.

பணம் கொடுத்த பின் தகராறு வந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கையில் பில் இருக்க வேண்டும்.

ரிமோட் வாங்கும் முன் ஒன்று: கடைகளில் எங்கும் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டின் அலை தண்ணீருக்குள் சில அங்குலத்திலேயே செத்துவிடும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 27 மெகாஹெர்ட்ஸ் செட் நல்ல தண்ணீரில் சில மீட்டர் ஆழம் வரை எட்டும். உப்பு நீரில் அதுவும் எட்டாது. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் குளத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: இதே போன்ற கூட்டை வீட்டிலேயே போட நினைக்கிறேன். கடையில் எபாக்ஸி ரெசினும், துண்டு இழைகளால் ஆன சாப்டு மேட்டும் எடுத்து வைத்தார்கள். சரியான ஜோடியா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை அம்மா. சாப்டு மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. மேட் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. எபாக்ஸிக்கு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள், மூன்று நான்கு அடுக்கு போதும். மேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு எபாக்ஸிதான் நல்லது. விலை கூடுதல், ஆனால் பாலியெஸ்டரின் நெடி இருக்காது. ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரையும் கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது எபாக்ஸிக்குப் பொருந்தாது, பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். கையுறை கட்டாயம்.

பாலியெஸ்டர்தான் என்றால் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஒரு பாட்டிலும், இறுகத் தொடங்கவைக்கும், தண்ணீர் போன்ற எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் ஒரு பாட்டிலும் தருவார்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒரே பையில் போட்டுக்கூடக் கொண்டு வராதீர்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு துளி தெறித்தாலும் கண் போய்விடும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பெரிய டின்னிலிருந்து தேதியில்லாத பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் பாலியெஸ்டர் ரெசின் சில மாதங்களில் டின்னிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும், தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.