மடிக்கணினியில் 230 வோல்ட், பலகையில் 0.00: கிராஸ் கம்பைல் செய்யும்போது பைட் வரிசையை எப்படிக் கையாள்வது?

கேள்வியின் சுருக்கம்: மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலையின் மின் மீட்டர்களை மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) வழியாகப் படிக்க சி மொழியில் ஒரு நிரல். இன்டெல் மடிக்கணினியில் சரியாக ஓடுகிறது. அதையே மிப்ஸ் வகைச் செயலியுள்ள ரவுட்டர் பலகைக்கு கிராஸ் கம்பைல் செய்தால் (அதாவது பலகையில் ஓடும் நிரலை மடிக்கணினியிலேயே தயாரித்தால்) வோல்டேஜ் 0.00 என்று வருகிறது. பலகை பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை நினைவகத்தில் முதலில் வைப்பது; இன்டெல் லிட்டில் எண்டியன், சிறிய பைட் முதலில். கணினிக்கேற்ப வரிகளைப் பிரிக்கும் இஃப்டெஃப்களை நிரல் முழுக்கப் போட வேண்டுமா?

வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். நான் மொரீஷியஸின் எபேனில் ஏறக்குறைய இதே வேலையைச் செய்பவன். இஃப்டெஃப் போட்டுப் போட்டுப் புண்ணாகிப்போன நிரல்களைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பில் பெரும்பகுதி.

முதலில் கம்பைலரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிப்ஸ் என்ற பெயர் மட்டும் பைட் வரிசையைச் சொல்லாது. ஏதெரோஸ் ஏஆர்9331 பிக் எண்டியனாக ஓடுகிறது, மீடியாடெக் எம்டி7688 லிட்டில் எண்டியனாக ஓடுகிறது, இரண்டுமே மிப்ஸ்தான். எந்த வரிசைக்குக் கம்பைல் ஆனது என்பது எல்ஃப் கோப்பின் (லினக்ஸில் ஓடும் நிரல் கோப்பின் வடிவம்) ஆறாவது பைட்டிலேயே இருக்கிறது: 1 என்றால் லிட்டில், 2 என்றால் பிக். லினக்ஸின் ஃபைல் கட்டளை இதைத்தான் எல்எஸ்பி, எம்எஸ்பி என்று காட்டுகிறது. மாறிப்போயிருந்தால் பலகையின் கெர்னல் நிரலை ஓடவே விடாது. உங்கள் நிரல் ஓடி, 0.00 என்று எழுதவும் செய்கிறது. ஆகவே டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்) சரி, கோளாறு நிரலில்.

எங்கே என்று ஊகிக்கிறேன். 230.0 என்ற ஃப்ளோட் எண்ணை ஹெக்ஸில் எழுதினால் 43 66 00 00. மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் 16 பிட். அதற்குள் பெரிய பைட் முன்னால் வரும் என்று நெறிமுறையே விதிக்கிறது. ஆனால் 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிக்கும்போது எந்தப் பாதி முதலில் என்பது மீட்டர் செய்தவரின் இஷ்டம். பல மீட்டர்கள் கீழ்ப்பாதியை முதலில் அனுப்புகின்றன. அப்போது கம்பியில் வருவது 00 00 43 66.

நீங்கள் ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் ஒழுங்காக என்டிஓஹெச்எஸ் (கம்பியின் பைட் வரிசையைக் கணினியின் வரிசையாக்கும் சார்பு) வழியே மாற்றி, இரண்டு உறுப்புள்ள அணியில் போட்டு, அதன் முகவரியை ஃப்ளோட் பாயிண்டராக காஸ்ட் செய்திருப்பீர்கள். இன்டெல் கணினியின் நினைவகத்தில் அந்த அணி 00 00 66 43 என்று உட்காரும். லிட்டில் எண்டியன் அதைப் பின்னாலிருந்து படிப்பதால் 43 66 00 00, அதாவது 230. பலகையில் அதே அணி 00 00 43 66 என்று உட்கார, அது முன்னாலிருந்து படிக்கிறது. கிடைப்பது கண்ணுக்கே தெரியாத ஒரு நுண்ணிய எண். இரண்டு தசம இடத்தில் அச்சிட்டால் 0.00. மடிக்கணினியில் சரியான விடை வந்தது தற்செயல்: மீட்டரின் பாதி வரிசையும் இன்டெலின் வரிசையும் ஒத்துப்போய்விட்டன, அவ்வளவுதான்.

தீர்வு: மேல்பாதியை 16 பிட் இடப்பக்கம் நகர்த்தி, கீழ்ப்பாதியை பிட்வைஸ் ஆர் போட்டுச் சேர்த்து ஒரு 32 பிட் எண்ணாக்குங்கள். பிறகு பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பியால் அதை ஃப்ளோட்டுக்குள் கொண்டுபோங்கள். நகர்த்தல் என்பது எண்ணின் மதிப்பின்மேல் நடக்கும் கணக்கு. நினைவகத்தில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. அதனால் ஒரே வரி இரண்டு கணினியிலும் ஒரே விடை தரும். ஒரு சிறு எச்சரிக்கை: நகர்த்தும் முன் 32 பிட் குறியிலா எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறிப் பிட்டில் போய் இடிக்கும்.

"நான் எந்தக் கணினியில் ஓடுகிறேன்?" என்பது நிரல் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. "இந்தத் தரவு எந்த வரிசையில் வந்தது?" என்பதுதான் கேள்வி. கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2012இல் இதையே காரசாரமாக எழுதினார். வேகம் குறையுமே என்பவர்களுக்கு: இன்றைய ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இந்த நகர்த்தல் கோவையை அடையாளம் கண்டு ஓரிரு கட்டளைகளாகச் சுருக்கிவிடுகின்றன.

வரிசை ஒரு பெரிய விஷயமா என்று மொரீஷியஸ் தமிழர்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியதற்கு எழுந்த எதிர்ப்பில், நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். மோட்பஸ் மீட்டர்களுக்கும் அப்படி ஒரு கிளர்ச்சி நடந்திருந்தால் நாமெல்லாம் நிம்மதியாக இருந்திருப்போம்.

இதுவரை சொன்னது எந்த நிரலுக்கும் பொருந்தும். கிராஸ் கம்பைலுக்கே உரிய தொல்லை வேறு. நிரல் தயாராகும்போது சில துணை நிரல்கள் மடிக்கணினியிலேயே ஓடுகின்றன: பிழை சரிபார்க்கும் சிஆர்சி அட்டவணையை உருவாக்குபவை, அமைப்புக் கோப்பை பைனரியாக மாற்றுபவை. அவை ஒரு ஸ்ட்ரக்டை, அதாவது பல மதிப்புகள் சேர்ந்த கட்டை, எஃப்ரைட் மூலம் நினைவகத்தில் உள்ளபடியே கோப்பில் கொட்டினால், இன்டெல் வரிசையில் எழுதப்பட்ட கோப்பு பலகைக்குள் போய்ச் சேரும். கம்பைலர் எவ்வளவு உத்தமமாக இருந்தாலும் அந்தக் கோப்பை அது பார்ப்பதே இல்லை. பலரும் தேட மறப்பது இந்த இடத்தைத்தான். அட்டவணைகளை பைனரியாக அல்லாமல் சி மூலமாகவே, சாதாரண எண்களாக அச்சிடச் சொல்லுங்கள். அல்லது கோப்புக்கென ஒரு வரிசையை நிர்ணயித்து, எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் நகர்த்தலையே பயன்படுத்துங்கள்.

கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் கட்டங்களும் இப்படித்தான். பைட் வரிசையை அறிய ஒரு சோதனை நிரலை ஓட்டிப் பார்க்கும் கையால் எழுதிய பழைய ஸ்கிரிப்டுகளால் பலகையின் நிரலை மடிக்கணினியில் ஓட்ட முடியாது. சில அங்கேயே நின்றுவிடும். சில சத்தமில்லாமல் லிட்டில் என்று வைத்துக்கொள்ளும். நின்றுவிடுபவை எவ்வளவோ மேல். மெசான் என்ற பில்டு கருவியில், இலக்குப் பலகையை விவரிக்கும் கிராஸ் கோப்பில் எண்டியன் வரியை நாமே எழுத வேண்டும். வேறு பலகையின் கோப்பை நகலெடுத்தால் அந்த வரியைத் திருத்துங்கள். மடிக்கணினியின் ஹெடர் கோப்புறையை உள்ளே இழுக்கும் மேக்ஃபைல்களையும் நம்ப வேண்டாம். வரிசையைக் கேட்டே ஆக வேண்டிய அபூர்வ இடங்களில் ஜிசிசி தானே வரையறுக்கும் பைட் ஆர்டர் மேக்ரோவைக் கேளுங்கள். அது பலகையைப் பற்றியே பேசும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். ஒரு பைட்டைப் படிக்க இன்ட் மாறியின் முகவரியைக் கொடுக்காதீர்கள்: மாறியில் முதலில் 0 இருந்தால், மடிக்கணினியில் 65 வருவது பலகையில் 1090519040 ஆகும். நெறிமுறைப் பொட்டலங்களில் பிட் ஃபீல்டு (ஸ்ட்ரக்டில் பிட் கணக்கில் இடம் ஒதுக்குவது) வேண்டாம்; அதன் ஒழுங்கு கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். பலகையின் ஃப்ளாஷில் போடும் ஜெஎஃப்எஃப்எஸ்2 கோப்பமைப்பை உருவாக்கும்போது வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஸ்குவாஷ்எஃப்எஸ் 4.0 கோப்பமைப்பு எப்போதும் லிட்டில்.

பிழையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 1 வர வேண்டிய இடத்தில் 16777216 வந்தாலோ, மோட்பஸ் போர்ட் 502 என்பது 62977 என்று வந்தாலோ வேறெதையும் தேட வேண்டாம். ஆனால் 230 போன்ற எண்ணை வைத்து வரிசையைச் சோதிக்காதீர்கள். அதில் பாதி பூஜ்யம். தவறான வரிசைகளில் பல 0.00 என்றே காட்டும். எழுத இடம் தரும் ரெஜிஸ்டர் இருந்தால் 12 34 56 78 என்று எழுதித் திரும்பப் படியுங்கள். 56 78 12 34 என்று வந்தால் பாதிகள் இடம் மாறியிருக்கின்றன, 78 56 34 12 என்றால் முழுவதும் திரும்பியிருக்கிறது.

ஆலைக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும் முன், வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஇமுவில் ஓட்டிப் பாருங்கள். கியூஇமு-மிப்ஸ் பிக் எண்டியன் நிரலை மடிக்கணினியிலேயே ஓட்டும், கியூஇமு-மிப்ஸெல் லிட்டில் வகையை ஓட்டும். மீட்டரிலிருந்து வந்த பைட்டுகளை ஒருமுறை கோப்பில் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே இரண்டிலும் மடிக்கணினி நிரலிலும் ஊட்டி, மூன்று விடைகளையும் ஒப்பிடுங்கள். கரும்பு அரைக்கும் காலத்தில், சக்கையை எரித்து மின்சாரம் கட்டமைப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, மீட்டர் பக்கம் உங்களை யாரும் அண்டவிட மாட்டார்கள். டிசம்பருக்குள் சரிசெய்ய வேண்டும் என்றால் இப்போதே அந்தக் கோப்பைப் பிடித்துவிடுங்கள். மீட்டர் கையேட்டின் ரெஜிஸ்டர் பக்கத்தையும் சேர்த்து இங்கே போட்டால் பாதி வரிசையை நானே பார்த்துச் சொல்கிறேன்.