பத்தாவது கேள்விக்கு என்ன குறித்தீர்கள்?

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டாவது கர்ப்பம், இது 24-வது வாரம். போன பரிசோதனையின்போது மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 14 மதிப்பெண் வந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனநோயா? தாய்க்கு மனச்சோர்வு இருந்தால் குழந்தையின் மூளை பாதிக்கும் என்று இணையத்தில் படித்தேன். விநோதமான கனவுகள் வருகின்றன, மறதியும் அதிகமாகிவிட்டது. தூக்கம் வராத இரவுகளில் அக்காவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொள்கிறேன். முதல் குழந்தை பிறந்த பிறகும் சில மாதம் இப்படித்தான் இருந்தேன், தானாகச் சரியாகிவிட்டது. கடைசிக் கேள்விக்கு மட்டும் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தேன். அது உண்மை இல்லை. கணவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: 14 என்ற எண்ணை அப்புறம் பார்க்கலாம். பத்தாவது கேள்விக்கு நீங்கள் குறித்தது உண்மை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேச வேண்டும். யாரிடமும் சொல்லாததை என்னிடமாவது சொன்னீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள்.

கடந்த ஏழு நாட்களில் உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்பதுதான் அந்தக் கேள்வி. மற்ற ஒன்பதையும் கூட்டித்தான் பார்ப்போம். இதைத் தனியாகவும் பார்ப்போம். மொத்தம் ஐந்தே வந்தாலும் சரி, பத்தாவதில் 'எப்போதாவது' என்று குறித்திருந்தால் அன்றைக்கே ஒருவர் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நீங்கள் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்ததால் அந்தப் பேச்சு நடக்காமல் போய்விட்டது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பயத்தில் அப்படிக் குறிக்கும் பெண்கள் நிறையப் பேர்.

அந்த எண்ணம் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. 'தூங்கினால் எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை' என்று மனம் அலுத்துக்கொள்வது ஒரு வகை. அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான், இரண்டொரு நாளுக்குள். ஆனால் எப்படி, எப்போது என்று மனம் யோசிக்க ஆரம்பித்திருந்தால், நான் இல்லாவிட்டால்தான் வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று உறுதியாகத் தோன்றினால், யாரோ சொல்வதுபோல் குரல் கேட்டால், இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உடனே போக வழியில்லை என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். யாராவது வரும்வரை தனியாக இருக்காதீர்கள்.

அடுத்தது அந்த மாத்திரை. இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது என்ன மாத்திரை என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அக்காவின் உடம்புக்கும் வயதுக்கும் பார்த்து எழுதிய மருந்து அது. அவர் கர்ப்பமாகவும் இல்லை. பாதி போட்டால் பாதி ஆபத்து என்று ஒரு கணக்கு கிடையாது. அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. இப்படி ஒரு எண்ணம் வந்துபோகிற நேரத்தில் கை எட்டும் இடத்தில் மாத்திரை அட்டை இருக்கவே கூடாது. இன்றைக்கே அதை எடுத்து அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது கணவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தினமும் வாரக்கணக்காகப் போட்டு வந்திருந்தால் மட்டும், மருத்துவரிடம் அட்டையைக் காட்டி எப்படி நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள்.

சரி, இப்போது 14.

நீங்கள் நிரப்பியது எடின்பரோ அளவுகோல் என்று நினைக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு கவனிக்கப்படாமல் போகிறது என்பதால், ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் சேர்ந்து 1987-ல் வெளியிட்டது. பிறகு கர்ப்பகாலத்திலும் பயன்படுத்த ஆரம்பித்தோம். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. அதில் களைப்பாக இருக்கிறதா, பசி குறைந்ததா என்று கேட்டிருக்க மாட்டார்கள். கர்ப்பிணிக்கு அதெல்லாம் எப்படியும் இருக்கும். தூக்கத்தைப் பற்றிக்கூட, மனம் நொந்து தூக்கம் வராமல் போனதா என்றுதான் கேட்கும். ஆகவே 'கர்ப்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்' என்று யாராவது அந்தத் தாளைத் தள்ளிவைத்தால் கேட்காதீர்கள்.

13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம், நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சில இடங்களில் 10 வந்தாலே கூப்பிட்டுப் பேசுவார்கள். 24-லிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரைக்குப் பரிசோதிப்பார்கள் அல்லவா? சில இடங்களில் முதல் கட்டத்தில் அளவு கூடுதலாக வந்தால் சர்க்கரை நோய் என்று முடிவுகட்டாமல் இன்னொரு பரிசோதனை செய்வார்கள். இந்தத் தாளும் அந்த முதல் கட்டம் மாதிரிதான். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை எதிரே உட்கார்ந்து பேசும் மருத்துவர்தான் சொல்ல முடியும், தாள் சொல்லாது.

மனநோயா என்று கேட்கிறீர்கள். மனச்சோர்வாக இருந்தால் ஆமாம், அது ஒரு நோய்தான், ரத்தசோகை ஒரு நோய் என்பது போல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. உங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் இன்னும் சிலருக்கும் இருந்திருக்கும்.

மனநல மருத்துவரைப் பார்த்தால் உடனே மாத்திரை எழுதிவிடுவார் என்று பயப்படாதீர்கள். முதலில் நிறையக் கேட்பார். அப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை மறக்காமல் சொல்ல வேண்டும்: 'முதல் குழந்தை பிறந்த பிறகும் இப்படித்தான் இருந்தேன்.' உங்கள் கடிதத்தில் அடுத்த முக்கியமான தகவல் இதுதான். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். தானாகச் சரியாகிவிட்டது என்கிறீர்கள். அந்தச் சில மாதங்களை ஒரு கைக்குழந்தையோடு யாருடைய உதவியும் இல்லாமல் கடந்திருக்கிறீர்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். இந்த முறை அப்படிக் கடக்க வேண்டியதில்லை.

எப்போதாவது அதற்கு நேர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்ததுண்டா என்றும் கேட்பார். உண்டு என்றால் சிகிச்சையே வேறு. தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொல்வார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று தனியாக வைத்துக் கேட்கலாம். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது, உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம்.

சோர்வு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் பேச்சுச் சிகிச்சையிலேயே பலர் தேறிவிடுகிறார்கள். மருந்து வேண்டும் என்றால் செர்ட்ராலின் போலக் கர்ப்பத்தில் பல ஆண்டுகளாகக் கொடுத்து அனுபவமுள்ள மருந்துகள் இருக்கின்றன. மருந்தால் வரக்கூடிய ஆபத்தையும், சோர்வை அப்படியே விட்டால் வரக்கூடிய ஆபத்தையும் எடைபோட்டு உங்களோடு சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிட்டுவரும் வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவை மோசமாகப் பாதிக்கும்தான், அதையும் அன்றைக்கே மருத்துவரை அழைத்துக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

குழந்தையின் மூளை பற்றி இணையத்தில் படித்ததை மூடிவையுங்கள். நீண்ட நாள் கடுமையான சோர்வைச் சிகிச்சை இல்லாமல் விட்டால் குறைப்பிரசவம், எடை குறைவு போன்றவை ஏற்படும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து 'மூளை பாதிக்கும்' என்று தலைப்புப் போடுகிறவர்கள், சோர்ந்திருக்கும் ஒரு தாயின் தலையில் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவைக்கிறார்கள். மனச்சோர்வு இருந்த தாய்மார்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். விநோதக் கனவும் மறதியும் கர்ப்பத்தில் சகஜம், விடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகான நாட்களுக்கும் இப்போதே தயாராக இருங்கள். மூன்றாவது நாள் வாக்கில் பலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தணியும். அதைத் தாண்டினால் மறுபடி அந்தத் தாளை நிரப்ப வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கம் அடியோடு போய், பேச்சு தடுமாறி, இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும். அது அவசர நோய், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அந்த நேரத்தில் உங்களுக்கே அது தெரியாது என்பதால், கணவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. 'எனக்கு மனசு சரியில்லை, மருத்துவரைப் பார்க்க என்னோடு வாருங்கள்' என்று சொன்னால் போதும். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் அக்காவிடம் சொல்லுங்கள், எப்படியும் மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள்.

அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், தாளைக் கொடுத்த செவிலியரிடம், 'பத்தாவது கேள்விக்கு நான் குறித்ததை மாற்ற வேண்டும்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள்.